துடுப்பு இயந்திரம் வாங்கும் முன்: சந்தா நின்றால் இயந்திரம் என்னவாகும்?

வீட்டிலேயே உடற்பயிற்சி செய்ய விரும்புவோர் இப்போது டிரெட்மில், சைக்கிள் ஆகியவற்றோடு ‘ரோவிங் மெஷின்’ எனப்படும் துடுப்பு இயந்திரத்தையும் விசாரிக்கிறார்கள். படகில் அமர்ந்து துடுப்பு வலிப்பதைப் போன்ற அசைவை வீட்டுக் கூடத்தில் செய்ய வைக்கும் கருவி இது. இவற்றில் ஒரு பிரிவு பெரிய திரையுடனும் காணொளிப் பயிற்சிகளுடனும் மாதச் சந்தாவுடனும் விற்கப்படுகிறது.

தண்ணீர் வடிகட்டிக்கும் தொலைக்காட்சிச் சேவைக்கும் மாதாமாதம் பணம் கட்டிப் பழகிய குடும்பங்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. வாடகை வடிகட்டிக்குப் பணம் கட்டாவிட்டால் நிறுவனம் அதை எடுத்துச் சென்றுவிடும். சந்தா துடுப்பு இயந்திரமோ முழு விலை கொடுத்து வாங்கப்படுவது. சந்தாவை நிறுத்தினாலும் அது வீட்டிலேயே இருக்கும். அதன் வேலைதான் குறைந்துவிடும்.

ஆகவே எந்த இயந்திரத்தை வாங்கலாம் என்று கேட்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: சந்தாவை நிறுத்தினால் இந்த இயந்திரம் என்ன செய்யும்? பதிலைப் பொறுத்துப் பல ஆயிரம் ரிங்கிட் கூடலாம், குறையலாம்.

ஏன் இந்தப் பயிற்சி?

2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார, நோய்ப்பாங்கு ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் அதிக எடை அல்லது உடற்பருமன் உடையவர்கள். ஏறக்குறைய ஆறில் ஒருவருக்கு நீரிழிவு, அதாவது இனிப்பு நீர் நோய் உள்ளது. இந்நோய் இந்தியர்களிடையே அதிகம் என்பதை இத்தகைய ஆய்வுகள் தொடர்ந்து காட்டி வருகின்றன. குடும்பத்தில் ஒருவராவது மாதாமாதம் அரசு கிளினிக்கில் மாத்திரை வாங்குவது நம் வீடுகளில் சாதாரணமாகிவிட்டது.

பெரியவர்கள் வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடங்கள் வரை மிதமான உடலுழைப்பில் ஈடுபட வேண்டும், வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியும் செய்ய வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. துடுப்பு இயந்திரம் இதயத்துக்கும் தசைகளுக்கும் ஒரே நேரத்தில் வேலை கொடுக்கிறது. கைகளால்தான் இழுக்கிறோம் என்று பார்ப்பவர்களுக்குத் தோன்றும். உண்மையில் பெரும்பகுதி வேலையைத் தொடைகளும் இடுப்பும் செய்கின்றன. ஓடுவதைப் போலக் கால் தரையில் மோதுவதில்லை என்பதால் மூட்டுகளுக்கு அதிர்ச்சியும் குறைவு.

இவ்வளவும் சந்தா இல்லாத இயந்திரத்திலும் கிடைக்கும். மாதப் பணம் வாங்கித் தருவது பயிற்றுநரின் குரல், காணொளி, விளையாட்டு, முன்னேற்றப் பதிவு ஆகியவற்றை மட்டுமே. உடலுக்குக் கிடைக்கும் பயன் கைப்பிடியிலும் கால்பலகையிலும் இருக்கிறது.

நான்கு வகை இழுவை

துடுப்பு இயந்திரங்கள் எதிர்ப்பு விசையை உண்டாக்கும் முறையைக் கொண்டு நான்கு வகைப்படும்.

காற்று வகை: சங்கிலியை இழுக்கும்போது விசிறிச் சக்கரம் சுழலும். வேகமாக இழுத்தால் எதிர்ப்பு கூடும். அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்தைச் சேர்ந்த கான்செப்ட் டூ நிறுவனம் 1981இல் இவ்வகை இயந்திரத்தை வெளியிட்டது. துடுப்புப் படகு வீரர்களான டிரைசிகாக்கர் சகோதரர்கள் தொடங்கிய நிறுவனம் அது. இன்று உலகின் பல பயிற்சிக் கூடங்களிலும் உள்ளரங்குப் போட்டிகளிலும் காணப்படுவது இந்த இயந்திரமே. இதன் குறை சத்தம். வேகமாக இழுக்கும்போது பெரிய மின்விசிறி முழு வேகத்தில் ஓடுவது போலிருக்கும்.

தண்ணீர் வகை: மூடிய தொட்டியில் உள்ள நீரைத் துடுப்புத் தகடுகள் சுழற்றும். அலை புரளும் ஓசை மட்டும் கேட்கும். வாட்டர்ரோவர் நிறுவனத்தின் மரச்சட்ட இயந்திரங்கள் இவ்வகையில் பெயர் பெற்றவை. தொட்டியில் சுமார் 17 லிட்டர் நீர் நிற்கும். நீர் கெடாமலிருக்க அவ்வப்போது சுத்திகரிப்பு மாத்திரை போட வேண்டும். வெயில் நேராகப் படும் இடத்தில் வைத்தால் பாசி பிடிக்கும்.

காந்த வகை: சத்தம் மிகக் குறைவு. எதிர்ப்பைப் பொத்தானிலோ திரையிலோ மாற்றலாம். ஹைட்ரோ, பெலோட்டன் போன்ற சந்தா நிறுவனங்கள் மின்னணு முறையில் இயங்கும் காந்த எதிர்ப்பையே பயன்படுத்துகின்றன. பயிற்றுநர் சொல்லும் அளவுக்கு ஏற்பக் கணினி எதிர்ப்பை மாற்ற முடிவது இதனால்தான்.

ஹைட்ராலிக் வகை: கைப்பிடிகள் சிறு உருளைகளோடு இணைக்கப்பட்டிருக்கும். விலை குறைவு, இடமும் சிறிது. ஆனால் அசைவு படகு வலிப்பதைப் போலச் சீராக இராது. தொடர்ந்து இழுத்தால் உருளைக்குள் எண்ணெய் சூடாகி எதிர்ப்பு தளர்ந்துவிடும். நீண்டகாலப் பயிற்சிக்கு இது ஏற்றதல்ல.

சந்தா இயந்திரங்கள் மூன்று விதம்

‘சந்தா’ என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வெவ்வேறு ஏற்பாடுகள் அடங்கியுள்ளன. விற்பனையாளர் இவற்றைப் பிரித்துச் சொல்வது அரிது.

முதலாவது, சந்தாவைச் சார்ந்தே வடிவமைக்கப்பட்ட இயந்திரம். பெரிய திரை இயந்திரத்தோடு பொருத்தப்பட்டிருக்கும். வகுப்புகள், பதிவுகள், பயனர் கணக்குகள் எல்லாம் சந்தாவுக்குள் அடங்கும். ஹைட்ரோவும் பெலோட்டனும் இவ்வகை. சந்தா இல்லாவிட்டால் வெறுமனே இழுத்து அடிப்படை எண்களைப் பார்க்கும் வசதி மட்டும் மிஞ்சும்.

இரண்டாவது, வழக்கமான இயந்திரத்தின்மேல் சந்தாத் திரையைச் சேர்த்திருப்பது. எர்காட்டா இதற்கு எடுத்துக்காட்டு. வாட்டர்ரோவரின் மரச்சட்ட, நீர்த்தொட்டி அமைப்பின் மேல், பயிற்றுநர் வகுப்புகளுக்குப் பதிலாக விளையாட்டுகளைத் தரும் திரையை அது வைத்திருக்கிறது.

மூன்றாவது, இயந்திரம் தனி, செயலி தனி. இயந்திரத்தின் சிறிய அளவுமானி புளூடூத் வழியாகக் கைப்பேசியோடு இணையும். கினோமேப், இஎக்ஸ்ஆர் போன்ற செயலிகளுக்கு விருப்பப்பட்டால் சந்தா கட்டலாம், வேண்டாமென்றால் நிறுத்தலாம். கான்செப்ட் டூவின் பிஎம்5 அளவுமானி இப்படிப் பல செயலிகளோடு இணையும். அந்நிறுவனத்தின் சொந்தச் செயலியும் இணையப் பதிவேடும் இலவசம்.

நம் நாட்டுக் குடும்பம் ஒன்றுக்கு மூன்றாவது வகையே பெரும்பாலும் பாதுகாப்பானது. காரணம் விலை மட்டுமன்று. பெலோட்டன், ஹைட்ரோ போன்ற பெரிய சந்தா நிறுவனங்கள் அமெரிக்கா, பிரிட்டன் போன்ற சந்தைகளுக்காகத் தங்கள் சேவையை அமைத்தவை. இங்கே முகவர் மூலமோ தனிப்பட்ட இறக்குமதியாகவோ வரும் இயந்திரத்திற்குப் பழுது பார்ப்பவரையும் உதிரிப் பாகத்தையும் தேடுவது வாங்கியவரின் பொறுப்பாகிவிடும்.

மூன்றாண்டுக் கணக்கு

இயந்திரத்தின் விலையை மட்டும் ஒப்பிடுவது தவறான கணக்கு. மூன்றாண்டுச் செலவை ஒப்பிட வேண்டும். கீழே உள்ள தொகைகள் கணக்கைப் புரிந்துகொள்வதற்கான எடுத்துக்காட்டு மட்டுமே.

சந்தா இல்லாத இயந்திரம் ஒன்றின் விலை 5,500 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். முதல் ஆறு மாதங்களுக்கு மட்டும் மாதம் 50 ரிங்கிட்டுக்கு ஒரு செயலியைப் பயன்படுத்தினால் கூடுதல் செலவு 300 ரிங்கிட். மூன்றாண்டு மொத்தம் 5,800 ரிங்கிட்.

சந்தா இயந்திரத்தின் விலை 4,000 ரிங்கிட்தான், மாதச் சந்தா 150 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். 36 மாதங்களுக்குச் சந்தா மட்டும் 5,400 ரிங்கிட். பதிவு பெற்ற வெளிநாட்டு மின்னியல் சேவைகளுக்கு 2024 மார்ச் 1 முதல் 8 விழுக்காடு சேவை வரி உள்ளது. அது 432 ரிங்கிட். மூன்றாண்டு மொத்தம் 9,832 ரிங்கிட்.

கடையில் 1,500 ரிங்கிட் மலிவாகத் தெரிந்த இயந்திரம் மூன்று ஆண்டுகளில் 4,000 ரிங்கிட்டுக்கு மேல் கூடுதலாக இழுத்துவிடுகிறது. சந்தா டாலரில் இருந்தால் நாணய மாற்று விகிதமும் வங்கியின் வெளிநாட்டுப் பரிவர்த்தனைக் கட்டணமும் இதற்கு மேல் சேரும்.

உண்மை நிலவரமும் இதிலிருந்து வெகுதூரம் இல்லை. ஹைட்ரோவின் மாதச் சந்தா அமெரிக்காவில் 44 டாலராக இருந்து வந்துள்ளது. 36 மாதங்களுக்கு அது 1,584 டாலர். கான்செப்ட் டூவின் அடிப்படை ரோஎர்க் இயந்திரம் அங்கே சுமார் 1,000 டாலருக்கு விற்கப்பட்டு வந்துள்ளது. ஒன்றின் சந்தாத் தொகையே மற்றொன்றின் முழு விலையைத் தாண்டிவிடுகிறது.

இன்னொரு கணக்கும் போட்டுப் பார்க்க வேண்டும். வாரம் மூன்று முறை இழுத்தால் மூன்று ஆண்டுகளில் 468 முறை. மேற்கண்ட சந்தா இயந்திரத்தில் ஒரு முறைக்கான செலவு ஏறக்குறைய 21 ரிங்கிட், மற்றதில் 12 ரிங்கிட். வாரம் ஒரே முறை என்றால் முறையே 63 ரிங்கிட், 37 ரிங்கிட். பயன்படுத்தாமல் துணி காயப்போடும் கம்பியாக மாறிவிட்டால் இரண்டுமே வீண்தான். ஆனால் ஒன்று அந்த நிலையிலும் வங்கிக் கணக்கிலிருந்து மாதம் 150 ரிங்கிட்டை எடுத்துக்கொண்டே இருக்கும்.

சந்தாவுக்கு நியாயமான பக்கமும் உண்டு. தனியாக இழுத்தால் பத்து நிமிடத்தில் சலித்துவிடும், ஒருவர் எதிரே நின்று சொன்னால் அரை மணி நேரம் செய்வேன் என்பவர்கள் இருக்கிறார்கள். ஒரே சந்தாவில் வீட்டில் நால்வர் தனித்தனிக் கணக்கு வைத்துப் பயன்படுத்தினால், நால்வரும் ஜிம்முக்குக் கட்டும் தொகையைவிட அது குறைவாகவும் இருக்கலாம். அத்தகைய குடும்பத்துக்குச் சந்தா வீண் செலவன்று. வாங்கும் முன் எத்தனை பேர் உண்மையாகவே இழுக்கப் போகிறார்கள் என்பதை அவர்களிடமே கேட்டுவிடுவது நல்லது.

இயந்திரம் நம்முடையது, மென்பொருள் யாருடையது?

விலை கொடுத்து வாங்கிய கருவியின் நடத்தையை விற்றவர் பிறகும் மாற்ற முடியும் என்பதை அண்மைய நிகழ்வுகள் காட்டியுள்ளன.

2025ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் எக்கலான் நிறுவனம் தன் உடற்பயிற்சிக் கருவிகளுக்கு ஒரு மென்பொருள் மாற்றத்தை அனுப்பியது. அதன் பிறகு கருவிகள் முறையாக இயங்க நிறுவனத்தின் கணினியோடு இணைய வேண்டியதாயிற்று. அதுவரை பிற செயலிகளோடு பயன்படுத்தி வந்தவர்களுக்கு அந்த வழி அடைபட்டது. கருவிகள் மாறவில்லை, மாறியது மென்பொருள் மட்டுமே.

பெலோட்டன் நிறுவனம் 2024 ஆகஸ்ட் முதல் அமெரிக்காவில், பிறரிடமிருந்து பழைய கருவியை வாங்கிச் சந்தாவில் சேர்பவர்களிடம் 95 டாலர் ஒருமுறைக் கட்டணம் வாங்கத் தொடங்கியது. பழைய பொருளாக வாங்கும்போது இயந்திரத்தின் விலையோடு இத்தகைய கட்டணத்தையும் விசாரிக்க வேண்டும் என்பதற்கு இது சான்று.

ஆகவே விளம்பரத்தில் ‘புளூடூத் உண்டு’ என்று போட்டிருப்பது மட்டும் போதாது. உடற்பயிற்சிக் கருவிகளுக்கான பொது புளூடூத் தரம் ‘எஃப்டிஎம்எஸ்’ எனப்படும். அதை ஏற்கும் இயந்திரம் எந்த ஒரு நிறுவனத்தின் செயலிக்கும் அடிமையாகாது. ‘எஃப்டிஎம்எஸ் உண்டா?’ என்று கடைக்காரரிடம் கேட்டு, முடிந்தால் கடையிலேயே வேறொரு செயலியை இணைத்துப் பார்த்துவிட வேண்டும்.

வீட்டுக்கு ஏற்றதா?

இடம்: துடுப்பு இயந்திரம் நீளமானது. ரோஎர்க் 244 சென்டிமீட்டர் நீளம், 61 சென்டிமீட்டர் அகலம். வாட்டர்ரோவர் சுமார் 210 சென்டிமீட்டர். இழுக்கும்போது உடல் பின்னால் சாயும், ஆகவே பின்புறமும் இருபுறமும் கூடுதல் இடம் வேண்டும். வாங்கும் முன் அளவு நாடாவை வைத்துத் தரையில் சாக்கட்டியால் கோடு போட்டு, இரண்டு நாள் அதைச் சுற்றி நடந்து பார்த்தால் வீட்டில் உள்ளவர்களின் கருத்தும் தெரிந்துவிடும்.

எடை: ரோஎர்க் சுமார் 26 கிலோ, இரண்டாகப் பிரித்து வைக்கலாம். வாட்டர்ரோவரை நிமிர்த்தி மூலையில் சாய்க்கலாம். பெரிய திரையுள்ள ஹைட்ரோவின் எடை சுமார் 66 கிலோ. மின்தூக்கி இல்லாத ஐந்து மாடிப் பிளாட்டில் நான்காம் மாடிக்கு அதை யார் ஏற்றுவது, கூலி யார் கொடுப்பது என்பதை விநியோகத்திற்கு முன்பே எழுத்தில் பெற வேண்டும்.

சத்தம்: இரவு வேலை முடித்துப் பகலில் உறங்குபவர் பக்கத்து வீட்டில் இருந்தாலும், குழந்தை தூங்கும் அறையை ஒட்டி வைத்தாலும் காற்று வகை சரிப்படாது. காந்த வகையோ தண்ணீர் வகையோ ஏற்றது. எந்த வகையானாலும் அடியில் தடித்த ரப்பர் விரிப்பு போட்டால் கீழ்வீட்டாருக்கு அதிர்வு குறையும்.

மின்சாரம்: காற்று வகையிலும் தண்ணீர் வகையிலும் அளவுமானி மட்டும் மின்கலத்தில் இயங்குவது வழக்கம், பிளக் தேவைப்படாது. பெரிய திரை உள்ளவற்றுக்கு மின்சாரம் வேண்டும். அமெரிக்காவில் மின்சாரம் 120 வோல்ட், நமக்கு 230 முதல் 240 வோல்ட். தனியாக இறக்குமதி செய்த இயந்திரத்தின் மின்மாற்றியில் ‘100 முதல் 240 வோல்ட்’ என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்க்காமல் சொருகக் கூடாது. இடி மின்னல் அதிகமுள்ள நாடு என்பதால் மழை நேரத்தில் பிளக்கைக் கழற்றி வைப்பதும் நல்லது.

ஈரம்: நம் தட்பவெப்பத்தில் திறந்த முன்தாழ்வாரத்தில் வைத்த இரும்பு விரைவில் துருப்பிடிக்கும். ஒவ்வொரு முறையும் வியர்வையைத் துடைக்க வேண்டும். சங்கிலி உள்ள இயந்திரத்திற்கு ஏறக்குறைய 50 மணி நேரப் பயன்பாட்டுக்கு ஒரு முறை எண்ணெய் இட வேண்டும்.

இணையம்: நகரில் ஃபைபர் இணைப்புள்ள வீட்டில் காணொளி வகுப்பு தடையின்றி ஓடும். தோட்டப்புறத்திலும் உட்புறக் குடியிருப்புகளிலும் கைப்பேசித் தரவை நம்பியிருப்பவர்களுக்கு நிலைமை வேறு. உயர்தரக் காணொளி ஒரு மணி நேரத்தில் ஒரு ஜிபிக்கு மேல் விழுங்கிவிடும், சிக்னல் விட்டு விட்டு வந்தால் வகுப்பும் நின்று நின்று வரும். வகுப்பைப் பதிவிறக்கி வைக்க முடியுமா என்று கேட்க வேண்டும்.

மொழியும் நேரமும்: பெரிய சந்தா நிறுவனங்களின் வகுப்புகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் உள்ளன. வீட்டில் உள்ள மூத்தவர்களுக்காக வாங்குவதாக இருந்தால், வேகமான ஆங்கிலப் பேச்சு அவர்களுக்கு உதவுமா என்று யோசிக்க வேண்டும். நேரலை வகுப்புகள் அமெரிக்க நேரத்தைப் பின்பற்றினால், நியூயார்க்கின் காலை 7 மணி வகுப்பு நமக்கு இரவு 7 அல்லது 8 மணி. அங்கே மாலை வகுப்பு என்றால் நமக்கு மறுநாள் காலை.

மூத்தவர்களும் நோயாளிகளும்

இருக்கையின் உயரம் பலர் கவனிக்காத ஒன்று. ரோஎர்க் இயந்திரத்தின் வழக்கமான இருக்கை தரையிலிருந்து சுமார் 36 சென்டிமீட்டர். அது வீட்டு நாற்காலியைவிடத் தாழ்வானது. முழங்கால் வலி உள்ளவர் உட்கார்ந்துவிடுவார், எழுந்திருக்கத் திணறுவார். அதே இயந்திரம் சுமார் 51 சென்டிமீட்டர் உயரத்தில் நெடுங்கால் அமைப்பிலும் கிடைக்கிறது. மூத்தவருக்காக வாங்கினால் அவரையே கடைக்கு அழைத்துச் சென்று மூன்று முறை உட்கார்ந்து எழச் சொல்ல வேண்டும்.

இன்சுலின் போடுபவர்களுக்கும் சர்க்கரையைக் குறைக்கும் சில மாத்திரைகளை உண்பவர்களுக்கும் பயிற்சியின்போது சர்க்கரை அளவு மிகவும் தாழ்ந்துவிடலாம். தொடங்கும் முன் மருத்துவரிடம் கேட்பதும், பயிற்சிக்கு முன் அளவைச் சோதிப்பதும், இனிப்பு ஏதாவது கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருப்பதும் அவசியம். பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் வெறுங்காலோடு வாரைக் கட்டக் கூடாது. காலணி அணிந்து, முடிந்தபின் பாதத்தைப் பார்க்க வேண்டும்.

இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மூச்சை அடக்கி இழுக்கக் கூடாது. இதய நோய், அண்மை அறுவைச் சிகிச்சை, இடுப்புத் தட்டு விலகல், நீரிழிவால் கண் பாதிப்பு ஆகியவை உள்ளவர்கள் மருத்துவரின் அனுமதியின்றித் தொடங்கக் கூடாது. நெஞ்சு வலி, தலைசுற்றல், இயல்புக்கு மீறிய மூச்சுத்திணறல் வந்தால் உடனே நிறுத்த வேண்டும். திரையில் பயிற்றுநர் ‘இன்னும் வேகமாக’ என்று சொல்லிக்கொண்டே இருப்பார். எதிரே இருப்பவரின் நிலை அவருக்குத் தெரியாது.

சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் நகரும் இருக்கைக்கும் தண்டவாளத்துக்கும் இடையில் விரல் சிக்கும் ஆபத்து உண்டு. பயன்படுத்தாதபோது நிமிர்த்தியோ பிரித்தோ வைக்க வேண்டும்.

சரியாக இழுக்கும் முறை

முறை தெரிந்துவிட்டால் வகுப்பின் தேவையே பாதி குறைந்துவிடும். வரிசை எளிது. இழுக்கும்போது முதலில் கால்கள் தள்ள வேண்டும், பிறகு முதுகு நேராக இருந்தபடி உடல் பின்னால் சாய வேண்டும், கடைசியாகக் கைகள் கைப்பிடியை நெஞ்சின் கீழ்ப்பகுதிக்குக் கொண்டுவர வேண்டும். திரும்பும்போது அதன் தலைகீழ் வரிசை: கைகள் முன்னே, உடல் முன்னே, பிறகு முழங்கால் மடக்குதல். முதுகைக் கூன்போட்டு இழுப்பதே இடுப்பு வலிக்கு முக்கியக் காரணம்.

புதியவர்கள் நிமிடத்திற்கு 18 முதல் 24 இழுப்புகளோடு தொடங்கினால் போதும். காற்று வகை இயந்திரத்தின் பக்கவாட்டில் 1 முதல் 10 வரை எண்ணிட்ட நெம்புகோல் இருக்கும். 10இல் வைத்தால்தான் நல்ல பயிற்சி என்று பலர் நினைக்கிறார்கள். அது சைக்கிளின் கியரைப் போன்றது. 3 முதல் 5 வரை வைப்பதே பெரும்பாலோருக்கு ஏற்றது. முதல் வாரம் 5 முதல் 10 நிமிடம், பிறகு வாரந்தோறும் சில நிமிடங்கள் கூட்டினால் உடல் பழகிக்கொள்ளும்.

பணம் கட்டும் முன் பெற வேண்டிய பதில்கள்

1. சந்தா இல்லாமல் எந்த வசதிகள் இயங்கும்? கடையில் கணக்கு திறக்காமல் இயக்கிக் காட்ட முடியுமா?

2. குறைந்தபட்ச ஒப்பந்தக் காலம் உண்டா? முன்கூட்டியே நிறுத்தினால் அபராதம் எவ்வளவு?

3. இலவச மாதம் முடிந்ததும் சந்தா தானாகத் தொடங்குமா? நிறுத்துவது எங்கே, எப்படி?

4. ஒரு சந்தாவில் எத்தனை பேர் கணக்கு வைக்கலாம்? சில மாதங்களுக்கு இடைநிறுத்த முடியுமா?

5. உத்தரவாதம் மலேசியாவில் செல்லுமா? பழுது பார்க்க வீட்டுக்கு வருவார்களா, கடைக்குத் தூக்கிச் செல்ல வேண்டுமா?

6. சட்டம், திரை, இழுவார் ஆகிய ஒவ்வொன்றுக்கும் உத்தரவாதம் எத்தனை ஆண்டு?

7. அதிகபட்ச உடல் எடை எவ்வளவு? உயரமானவருக்குத் தண்டவாளம் போதுமா?

8. பிறருக்கு விற்றால் சந்தாக் கணக்கை மாற்ற முடியுமா? அதற்குக் கட்டணம் உண்டா?

பதில்களை வாட்ஸ்அப்பில் எழுத்தாகப் பெற்று வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். வாய்ச்சொல்லைப் பின்னர் நிரூபிக்க முடியாது.

சட்டம் தரும் பாதுகாப்பு

1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்படி பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும். பழுதுபார்ப்பும் உதிரிப் பாகமும் நியாயமான காலத்துக்குக் கிடைக்க வேண்டும் என்ற உத்தரவாதமும் அதில் அடங்கும். தொடர்ச்சியாக வழங்கப்படும் சேவைக்கான ஒப்பந்தத்தைப் பயனீட்டாளர் ரத்து செய்யும் உரிமையைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தருகிறது. அப்படி ரத்து செய்யும்போது, மொத்த ஒப்பந்த விலையில் 5 விழுக்காடு, பயன்படுத்திய அல்லது வைத்துக்கொள்ளும் பொருளின் விலை, ஏற்கெனவே பெற்ற சேவையின் மதிப்பு ஆகியவற்றையே நிறுவனம் கேட்கலாம். மீதி மாதங்கள் அனைத்துக்கும் கட்டித்தான் ஆக வேண்டும் என்று யாராவது மிரட்டினால் இந்தப் பிரிவை நினைவூட்டலாம்.

வீட்டு வாசலுக்கு வந்து விற்பவரிடம் ஒப்பந்தம் போட்டிருந்தால் 1993ஆம் ஆண்டு நேரடி விற்பனைச் சட்டம் 10 வேலை நாள் அவகாசம் தருகிறது. அதற்குள் மனம் மாறினால் ரத்து செய்யலாம்.

தகராறு தீராவிட்டால் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தை நாடலாம். கட்டணம் 5 ரிங்கிட். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கும். வழக்கறிஞர் தேவையில்லை. இவ்வழிகள் எல்லாம் உள்நாட்டில் முகவரியுள்ள விற்பனையாளரிடம் எளிதாகச் செல்லும். கடல் கடந்த நிறுவனத்தைப் பிடிப்பது நடைமுறையில் கடினம். சற்று விலை கூடினாலும் உள்நாட்டு முகவரிடம் ரசீதோடு வாங்குவதன் பயன் இங்கேதான் தெரியும்.

ரசீதுக்கு மற்றொரு பயனும் இருக்கலாம். 2024 மதிப்பீட்டு ஆண்டு முதல் விளையாட்டுச் சாதனங்கள், ஜிம் உறுப்பியம் போன்ற செலவுகளுக்கு 1,000 ரிங்கிட் வரை தனி வருமான வரிக் கழிவு உள்ளது. வரி கட்டுபவர்கள் ரசீதைப் பத்திரப்படுத்தி, தாங்கள் வாங்கிய கருவி அதில் அடங்குமா என்பதை வருமான வரி வாரியத்தில் உறுதிசெய்துகொள்ளலாம்.

எங்கிருந்து தொடங்கலாம்?

வாங்குவதற்கு முன் ஒரு மாதம் முயன்று பார்ப்பதே சிறந்த சோதனை. அருகிலுள்ள பயிற்சிக் கூடத்தில் ஒரு மாதம் மட்டும் சேர்ந்து, வாரம் மூன்று முறை துடுப்பு இயந்திரத்தில் 15 நிமிடம் இழுத்துப் பார்க்கலாம். அங்கே இலவசக் காணொளி ஒன்றைக் கைப்பேசியில் வைத்தும், வைக்காமலும் இழுத்தால் தனக்குப் பயிற்றுநர் குரல் தேவையா என்பது தெரிந்துவிடும்.

நான்கு வாரம் தவறாமல் சென்றவர் வீட்டிலும் இழுப்பார், அவருக்கு இயந்திரம் நல்ல முதலீடு. குரல் இல்லாமல் முடியவில்லை என்பவர், எந்தச் செயலியோடும் இணையக்கூடிய இயந்திரத்தை வாங்கி, சந்தாவை மாதாமாத முறையில் மட்டும் எடுக்கலாம். இரண்டாம் வாரமே நின்றுவிட்டவர் நல்ல காலணி ஒன்றை வாங்கிக்கொண்டு தாமான் திடலைச் சுற்றி நடக்கலாம். உடலுக்கு அதுவும் நன்மையே, அதற்குச் சந்தாவும் இல்லை.